ரிக்யூ நெசுமி

"குத்தியவன் ரிக்யூ நெசுமி நிறத்தில் சட்டை போட்டிருந்தான்" என்று ஜப்பானிய நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார் கிமோனோ கடைக்காரர்.

"சாம்பல்தானே?" என்றார் இளம் அரசு வக்கீல். கிழவர் தலையாட்டிவிட்டார். மேசைமேல் கைதி இன்னாசியின் சாம்பல் சட்டை கிடந்தது.

கைதிக்காக மொழிபெயர்க்க வந்திருந்த சுகந்தி, ரிக்யூ நெசுமி உள்ளிட்ட பழைய நிறப்பெயர்களைப் போன மாதம்தான் மனப்பாடம் செய்திருந்தாள். ஆனால் சொந்தமாக ஒரு வார்த்தை பேச அவளுக்கு அனுமதியில்லை. காதில் விழுந்ததைத் தமிழிலும், கைதி சொல்வதை ஜப்பானியத்திலும் சொல்லலாம், அவ்வளவுதான். இன்னாசி பக்கம் திரும்பினாள்.

"என்ன சொல்லுதாரு அக்கா?"

"சட்டை பச்சை கலந்த சாம்பல்னு சொல்றாரு."

"பச்சையா? எஞ்சட்டையில பச்சை எங்க இருக்கு?" என்று இன்னாசி எழுந்து கத்தினான்.

நீதிபதி நிமிர்ந்தார். "கைதி சொன்னதை மொழிபெயருங்கள்."

சுகந்தி ஒலிவாங்கியை அருகே இழுத்துக்கொண்டாள்.