பதினாறாவது மாடியில் ஒரு மதியச் சாப்பாடு

லிஃப்ட் நின்ற பிறகும் அவளுக்குக் காது அடைத்தே இருந்தது.

சர்வர் ஜன்னலோர மேசைக்குக் கூட்டிப்போனார். நரைத்த மீசை. தேய்ந்த சிவப்புக் கம்பளத்தில் சத்தமில்லாத நடை.

"நல்ல இடம் அண்ணி," என்றான் சிற்றரசு.

கணவரின் தம்பி. காலையில்தான் மனைவி வளர்மதியோடு ஓசூரிலிருந்து வந்திருந்தான். அவளை ஆஸ்பத்திரியில் அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இவளை வற்புறுத்தி அழைத்து வந்தான்.

"மூணு மாசமா கேன்டீன் இட்லி. இன்னிக்கு ஒரு வேளையாவது உக்காந்து சாப்பிடுங்க."

அவள் மறுக்கவில்லை. மறுப்பதற்கும் தெம்பு வேண்டும்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்த கட்டடம். அன்றைக்கு இதைவிட உயரமாக எதுவுமில்லை. உச்சியில் ஓட்டல், அங்கே உட்கார்ந்தால் பட்டணம் முழுக்கத் தெரியும் என்பார்கள். ஒருமுறை போவோமா என்று கணவரிடம் கேட்டிருக்கிறாள்.

"மேல போய் என்னத்தப் பாக்கப்போற? நம்ம வீட்டு மொட்டைமாடிதான் தெரியும்," என்று சிரித்தார் அவர்.

இப்போது சுற்றிலும் இதைவிட உயரமான கட்டடங்கள். மெனு அட்டையில் அச்சடித்த கடல் அகலமாக விரிந்து கிடந்தது. ஜன்னலில் அது இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒரு நீலக் கீற்று.

"முன்னெல்லாம் இங்கருந்தே கப்பல் தெரியும்மா," என்றார் சர்வர், தண்ணீர் ஊற்றியபடி. பலமுறை சொல்லிச் சலித்த குரல்.

கீழே தண்ணீர்த் தொட்டிகள். கொடியில் துணிகள். பாலத்தில் ஊர்ந்துபோகும் ரயில்.

அப்புறம் ஆஸ்பத்திரி.

இங்கிருந்து பார்க்க அது சின்னதாக இருந்தது. மூக்கில் குழாய், ஓயாத மெஷின் சத்தம், யாரென்று தெரியாமல் அவளையே வெறிக்கும் கண்கள். எதுவும் இந்த உயரத்துக்கு எட்டவில்லை.

அவள் நாற்காலியில் சாய்ந்தாள். முதுகு வலித்தது. இத்தனை நாளாக வலித்துக்கொண்டிருந்ததே இப்போதுதான் தெரிந்தது.

சோறு வந்தது. ஆவி பறக்கும் ரசம். பொரித்த வஞ்சிரத் துண்டு.

முதல் வாயிலேயே பசி எழுந்தது. வெட்கமில்லாத பசி.

சிற்றரசுவின் போன் அதிர்ந்தது. திரையில் வளர்மதியின் பெயரை அவளும் பார்த்தாள். அவன் எழுந்து தூணருகே போனான்.

"எப்ப?" என்று அவன் கேட்டது மட்டும் காதில் விழுந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தான். டம்ளரைத் தள்ளி வைத்தான். மறுபடி பக்கத்தில் இழுத்தான்.

"அண்ணி..."

அவள் நிமிரவில்லை. மீனிலிருந்து முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டு முடிச்சிடறேன் தம்பி. அப்புறம் சொல்லுங்க."

அவன் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது.

அவள் சாப்பிட்டாள்.

மீனைத் துளி விடாமல் தின்றாள். ரசம் ஊற்றிப் பிசைந்தாள். தயிர் கேட்டு வாங்கிக்கொண்டாள். தட்டு காலியான பிறகும் கை கழுவ எழுந்திருக்கவில்லை. விரல்கள் காய்ந்து இறுகின.

சர்வர் வந்து நின்றார்.

"வேற ஏதாச்சும் வேணுமாம்மா?"

"ஒரு காபி."

"இப்பதான் டிகாஷன் எறங்குது. கொஞ்சம் நேரமாகும், பரவால்லயா?"

"பரவால்ல," என்றாள். "மெதுவாவே கொண்டு வாங்க."