சம்பந்தி சொன்ன சாட்சி

"பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சாம்மா?"

"இல்லீங்க."

"நிச்சயம்?"

பழனாயி திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற மகள் மயிலாள் தலையைக் குனித்துக்கொண்டாள்.

விண்ணப்பம் போட்டவர்களின் விவரம் எழுத கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த ஆபீசர் கந்தவேல், பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். திருப்பூர் ராயபுரத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் அத்தனை பேர் கண்ணும் பழனாயி மேல்தான்.

"அதுவும் இல்லீங்க."

சொல்லிவிட்டாள். இனி விழுங்கவா முடியும்?

பொய்தான். அப்பட்டமான பொய். சித்திரையில்தான் சாமளாபுரத்து மாரக்காள் வீட்டோடு உப்புச்சக்கரை மாற்றியிருந்தார்கள். இந்தப் பக்கம் உப்பும் சர்க்கரையும் கை மாறிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆவணியில் முகூர்த்தம்.

பாவம், அவள்தான் என்ன செய்வாள்? உப்புச்சக்கரை மாற்றிய பிறகல்லவா இந்த விஞ்ஞானப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் சேதி வந்தது! ரெண்டு வருஷம் கோயமுத்தூரில் படிப்பு. சோறு, ஹாஸ்டல் எல்லாம் சர்க்கார் செலவு. முடித்தால் லேப் வேலை. திருப்பூர் வட்டாரத்துக்குப் பெண்களில் ஒரே ஒரு இடம். எஸ்.எஸ்.எல்.சி.யில் விஞ்ஞானத்துக்குப் பள்ளிக்கூடத்திலேயே முதலாக வந்த மகள், பனியன் கம்பெனியில் உட்கார்ந்து பிசிறு வெட்டுகிறாள். பெற்ற வயிறு கேட்குமா? சம்பந்தி வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா," என்றார் கந்தவேல். "போன வருஷம் சேர்ந்த பொண்ணுங்க பாதியில தாலி கட்டிட்டுப் போயிட்டாங்க. சர்க்கார் பணம் வீண். அதனால நிச்சயம் ஆன பொண்ணுக்கு இடம் கிடையாது. பின்னால தெரிஞ்சுதுன்னா..."

"பின்னால எதுக்குங்க, இப்பவே தெரிஞ்சுக்குங்க!"

வரிசையிலிருந்து கந்தப்பன் முன்னால் வந்தான். அவன் மகளும் அதே இடத்துக்குத்தான் வந்திருந்தாள். மார்க்கில் மயிலாளுக்கு அடுத்தவள்.

"அந்தப் பொண்ணுக்கு உப்புச்சக்கரை மாத்தியாச்சுங்க. நாஞ் சும்மா சொல்லுலீங்க. மாப்பிள்ளையப் பெத்தவளையே சாமளாபுரம் போயிக் கையோட கூட்டியாந்திருக்கறேன்!"

வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வந்தாள் மாரக்காள்.

அட முருகா! இடமும் போச்சு, சம்பந்தமும் போச்சு.

மாரக்காள் பழனாயியை ஏற இறங்கப் பார்த்தாள். மயிலாளைப் பார்த்தாள். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொல்லுங்கம்மா. உங்க பையனுக்கு இந்தப் பொண்ணை நிச்சயம் பண்ணியிருக்கீங்களா?" என்றார் கந்தவேல்.

"இந்தப் பொண்ணா?" மாரக்காள் உதட்டைப் பிதுக்கினாள். "உப்புச்சக்கரை மாத்துனது நெசந்தானுங்க. ஆனா அதை முறிச்சுப் போட்டமுங்க. எங்களுக்கு ஒத்து வருலீங்க."

வராந்தா முழுக்கக் கசகசவென்று பேச்சு. கந்தப்பனுக்கே வாய் பிளந்துவிட்டது.

"ஏனுங்கக்கா, பஸ்ஸுல வர்றப்ப ஒண்ணுமே சொல்லுலீங்களே!"

"நீ எங்கப்பா என்னையப் பேச உட்டே?"

"முறிஞ்சது உறுதிதானா?" என்றார் ஆபீசர்.

"ஒருக்காச் சொன்னாப் பத்தாதுங்களா? இன்னொருக்காச் சொல்லோணுமா?"

கந்தவேல் எழுதிக்கொண்டார். "அப்ப சரி. மார்க்குல இந்தப் பொண்ணுதான் முதல், இடம் இதுக்குத்தான். அடுத்த வாரம் கோயமுத்தூர் வந்துரும்மா."

இடம் கிடைத்துவிட்டது. ஆனால் பழனாயிக்கு அது காதிலேயே ஏறவில்லை. உப்புச்சக்கரை முறிந்த பெண் என்று பெயர் வந்தபின் இனி எவன் வருவான் இவளைக் கட்ட? முறிக்கிறவள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை பேர் கூடியிருக்கிற இடத்திலா மானத்தை வாங்குவது?

மாரக்காள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். பழனாயி பின்னாலேயே ஓடினாள். ஆத்திரத்தில் மட்டு மரியாதை எல்லாம் பறந்துவிட்டது.

"நில்லுடி! நீயெல்லாம் ஒரு பொம்பளையா? வாக்குக் குடுத்துப்போட்டு என்ற புள்ளைய ஊர் சிரிக்க வெச்சுட்டியே! நீ வெளங்குவியா? உன்ற குடி வெளங்குமா?"

ரோட்டில் போனவர்களெல்லாம் நின்றார்கள். "உப்புச்சக்கரைய முறிச்சவளாமா! கெரகம்!" என்று ஒருத்தி காறித் துப்பினாள்.

மாரக்காள் அத்தனையும் வாங்கிக் கட்டிக்கொண்டு விடுவிடுவென்று நடந்தாள். பழனாயியும் விடவில்லை. மண்ணை அள்ளித் தூற்றிக்கொண்டே துரத்தினாள். ஆள் நடமாட்டம் இல்லாத சந்து ஒன்றில் திரும்பியதும் மாரக்காள் சட்டென்று நின்று, மண் அள்ளிய அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க சம்பந்தி, புள்ள படிக்கோணும்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நா மாட்டேன்னா சொல்லுவேன்? கந்தப்பன் வந்து கூப்பிட்டப்பவே, காத்திருப்பியான்னு பையங்கிட்டக் கேட்டுப்போட்டுத்தான் பஸ் ஏறுனேன்."

பழனாயியின் விரலிடுக்கில் இருந்த மண் உதிர்ந்தது.

"ரெண்டு வருசத்துக்கு நீங்க இதே மாதிரி நாலு பேரு கேக்க என்னையத் திட்டிக்கிட்டே இருங்க. மயிலா படிச்சு முடிச்சு வந்த அடுத்த முகூர்த்தத்துல என்ற பையன் தாலியோட வந்து நிப்பான்."