பெயர் சொல்லக் கூடாதவன்

எவரிஸ்தோவுக்கு வலது தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. காலை நாலரையிலிருந்து பதினொன்று வரை தோல் பதனிடும் டேனரியில் ஈரத்தோல் சுமந்தவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும்.

வாசல்படியில் உட்கார்ந்து இடது கையில் குடுவையைப் பிடித்து மாத்தே இலைத் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தான். தண்ணீர் எப்போதோ ஆறிப்போயிருந்தது.

மைதானத்திலிருந்து கூட்டம் திரும்பிக்கொண்டிருந்தது. கொடிகளைச் சுருட்டிவிட்டார்கள். பாட்டு இல்லை. ஊரின் கால்பந்து அணி சான் ப்ளாஸ் சொந்த மைதானத்தில் ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றிருந்தது. இன்னும் மூன்று ஆட்டம்தான். அதையும் இப்படியே ஆடினால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

தெருக்காரர்கள் அவனைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு பேருடைய இடது கை தன்னால் கால்சட்டை நடுவுக்குப் போய் வந்தது. ராசியில்லாதவனைப் பார்த்தால் இந்த ஊர் ஆண்கள் அங்கே தொட்டுக்கொள்வார்கள்.

மே மாதத்திலிருந்து அவன்தான் ராசியில்லாதவன். அவன் போன நான்கு ஆட்டமும் தோல்வி. ஐந்தாவதற்குக் காய்ச்சல், போகவில்லை. ஜெயித்துவிட்டார்கள்.

அத்தோடு முடிந்தது.

யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பெயரைச் சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். டேனரியில், "அந்த ஆள்கிட்ட குடு" என்றார்கள். சனிக்கிழமைகளில் ஆட்டத்துக்குக் கூப்பிடக் கதவைத் தட்டுவதில்லை. முப்பத்தொரு வருடம் அவன் நின்று கத்திய மைதானப் படிக்கட்டில், அவன் இடத்துக்கு வேறு ஆள் பிடித்திருப்பதாக இந்த வாரம் பேசிக்கொண்டார்கள். மனைவி போன பிறகு அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட உலகத்தில் அந்தப் படிக்கட்டு ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

அவர்கள்மேல் அவனுக்குக் கோபம் இல்லை. பதினைந்து வருடம் முன்பு ஒரு சலூன்காரரை இதேபோல் ஒதுக்கினார்கள். அன்றைக்கு முதலில் வாயைத் திறந்தவன் அவன்தான்.

குச்சோ தெருவைக் கடந்து நேரே வந்தான். பின்னாலேயே குண்டன் தாரீயோ. முப்பத்தொரு வருடமும் அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றவர்கள். இருவரும் எதையும் தொட்டுக்கொள்ளவில்லை.

"எவரிஸ்தோ," என்றான் குச்சோ.

மூன்று மாதம் ஆகியிருந்தது அதைக் கேட்டு. கையிலிருந்த குடுவையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ வரல. அப்படியும் தோத்துட்டோம்டா. கடைசி கால் மணி வரைக்கும் நாமதான் ஒண்ணுக்கு சைபர். அப்புறம் வரிசையா ரெண்டு. நம்ம கோல்கீப்பர் பந்தைப் புடிச்சு, தாம்பாளத்துல வச்ச மாதிரி எதிராளி காலுல குடுக்கறான்."

"அப்ப ராசியில்லாதவன் நீ இல்லடா," என்றான் தாரீயோ. "உன்னைப் போய் இந்தப் பாடு படுத்திட்டோம். மனசுல வச்சுக்காம அடுத்த சனிக்கிழமை வந்துரு. வரலன்னா தூக்கிட்டுப் போவேன்."

"உன்னைத் தூக்கவே நாலு பேர் வேணும்."

சிரித்தார்கள். குச்சோ அவன் தோளில் கை போட்டு அழுத்தினான். வலிக்கிற தோள். எடு என்று அவன் சொல்லவில்லை.

"யாருன்னு இப்பத்தான தெரியுது," குச்சோ குரலைத் தாழ்த்தினான். "இன்னைக்கு மொத தடவை எங்ககூட வந்தான் பாரு, சாகோ பக்கத்துலேர்ந்து வந்தவன், நம்ம டேனரி சுண்ணாம்புத் தொட்டியில நிக்கறவன். அந்த அர்…"

"பேரைச் சொல்லித் தொலைக்காத," என்றான் தாரீயோ. கை கீழே போனது.

எதிர்ச் சாரியில் அர்செனியோ தனியாகப் போய்க்கொண்டிருந்தான். ஊருக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. மேலே புதுக் கிளப் சட்டை, மடிப்பு இன்னும் கலையவில்லை. இவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் தூக்கியபடியே வைத்திருந்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

எவரிஸ்தோ வாயைத் திறந்தான்.

"தண்ணி ஆறிப்போச்சு. சூடு பண்ணிக் கொண்டாரேன், உக்காருங்க," என்றான்.

உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றான்.

இன்றைய ஆட்டத்தின் எழுபத்தேழாவது நிமிடத்தில், சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்காக வழக்கம்போல் மைதானத்தின் பின்கதவைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உள்ளே நுழைகிறவனிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. முதல் பாதியிலிருந்தே எவரிஸ்தோ சுவருக்கு வெளியே நின்று, சத்தத்தை வைத்து ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றுக்கு சைபர். எப்படியும் ஜெயித்தாயிற்று, ஒரு பத்து நிமிடம் கண்ணால் பார்த்தால்தான் என்ன என்று தொப்பியை நெற்றிக்கு இறக்கிக்கொண்டு உள்ளே போனான். ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான்.

எண்பதாவது நிமிடம் ஒரு கோல்.

அப்போதே வெளியே வந்திருக்கலாம். வரவில்லை. தொண்ணூறாவது நிமிடம் இன்னொன்று. மற்றவர்கள் நிர்வாகிகளைத் திட்டிக்கொண்டு நிற்கும்போதே தண்டவாளத்தை ஒட்டி ஓடிவந்து வாசல்படியில் உட்கார்ந்துவிட்டான்.

வெளியே குச்சோ பெயர் சொல்லிக் கூப்பிட்டான். தாரீயோவும் கூப்பிட்டான், இன்னும் சத்தமாக.

"வந்துட்டேன்," என்றான்.

ஜன்னலில் அந்தப் புதுச் சட்டை முக்கு திரும்புவது தெரிந்தது.

'இன்னைக்கு மைதானத்துக்குள்ள வந்தது நான்தான்' என்ற ஒரு வார்த்தை. அர்செனியோவுக்கு அவன் அதைக் கடன்பட்டிருந்தான்.