முத்திரை போட்ட உறை

"'இது தேர்தல் விளம்பரம்'னு உறைமேலயே பெரிசாப் போடணும், கவுன்சிலரய்யா. அதான் விதி," என்றார் அச்சகக்காரர்.

"அதை உள்ளே எறும்பு சைஸுல போடுய்யா. வெளியே நகராட்சி முத்திரை மாதிரி ஒண்ணு இருக்கட்டும். சர்க்காரே நம்ம பக்கம்னு ஜனங்க நினைக்கணும்!"

உறைகள் போன தெரு, கண்ணை மூடிக்கொண்டு கவுன்சிலருக்கே ஓட்டுக் குத்தும் தெரு. தேர்தலன்று மாலைவரை அங்கிருந்து ஓர் ஆள்கூட ஓட்டுப்போட வரவில்லை. பதறியடித்து ஓடினார். வீட்டுக்கு வீடு அந்தந்த வீட்டுக்காரர்களே வாசலை மறித்து நின்றிருந்தார்கள். அவருடைய அக்காவும்தான்.

"நீயுமாக்கா? நான் அனுப்பின உறை வரலையா?"

"வந்துச்சு. தெருவுல யாருமே பிரிக்கலை. பிரிச்சா நோட்டீசை வாங்கினதா ஆயிடுமே! போன வருஷம் பக்கத்துத் தெருவை இடிக்க நீ அனுப்பின நோட்டீசுலயும் இதே முத்திரைதானே... புல்டோசர் எப்ப வருது, தம்பி?"