வரிசையில் ஒரு ஜோடிச் செருப்பு

அன்று தேயிலைத் தோட்டத்து கிளினிக்கில் இருந்தவர்கள்: எல்லாரும் மிஸி என்று கூப்பிடும் நர்ஸ் கோகிலவாணி, சுகாதார இலாகா அதிகாரி புவனேந்திரன், வாசலில் வரிசையாகச் செருப்புகள்.

போன மாதம் காத்தமுத்து இங்கே காத்திருந்தே செத்துப்போனதாகப் புகார். உண்மையென்றால் கிளினிக்கை மூடிவிடுவார்கள். அப்புறம் ஊசி போடக்கூட தானா ராத்தா டவுனுக்குத்தான் போக வேண்டும். புவனேந்திரன் விசாரிக்க வந்திருந்தார்.

ஆட்கள் காலையில் தங்களுக்குப் பதிலாகச் செருப்பை வரிசையில் விட்டு, ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனார்கள். முறை வந்ததும் கோகிலவாணி மணியடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். யாரும் முந்தவில்லை. நம்பர் மிஷின் வைத்த பெரிய ஆஸ்பத்திரியிலும் புவனேந்திரன் இப்படி ஒரு ஒழுங்கைப் பார்த்ததில்லை.

சாயங்காலம் ஒரு ஜோடி மிஞ்சியது.

"இது யாரோடது மிஸி?"

"காத்தமுத்து அண்ணனோடது சார்."

"வீட்டுல எடுத்துட்டுப் போகலையா?"

"அவரோட சேத்து எரிச்சாச்சு சார். தினமும் காலைல பாத்தா வரிசையில இருக்குலா."

"அப்ப என்ன செய்வீங்க?"

"முறை வந்தா கூப்பிடணும்ல? இல்லன்னா நீங்களே என்மேல புகார் எழுதுவீங்க. கிளினிக்க மூடிட்டா அவரு எங்க போய் நிப்பாரு?"

அவள் மணியடித்தாள். "காத்தமுத்து அண்ணே, வாங்க."

மழை இல்லை. செருப்புக்குப் பக்கத்தில் சிமெண்டில் ஈரப் பாதம் ஒன்று பதிந்தது. பிறகு வாசற்படியில் இன்னொன்று.

புவனேந்திரன் ஒதுங்கி வழிவிட்டார். "மூட மாட்டோம்மா," என்றார்.

கோகிலவாணி அந்த ஈரப் பாதங்களின் பின்னாலேயே உள்ளே போய், கதவைச் சாத்தித் தாழிட்டாள்.