முகத்தைப் பார்க்காதீர்கள்

"இந்த ஊர்க்காரங்க அத்தனை பேரையும் நான் அம்மணமாப் பாத்திருக்கேன்!"

குவோ இப்படி அறிவித்ததும் பேருந்தே ஒரு குலுங்கு குலுங்கியது. தைவானிலிருந்து ஜப்பானுக்குத் தொண்டு வேலைக்கு வந்த ஒன்பது பேரில் மூத்தவர் அவர், வயது எழுபத்தொன்று. அப்பாவிடம் கற்ற ஜப்பானிய மொழியை அவர் வாய் திறந்து பேசினால் பக்கத்து மாவட்டம் வரைக்கும் கேட்கும்.

"வெக்கமா இல்ல? வந்து மூணு வாரம்கூட ஆகல!" என்று முன்னிருக்கையிலிருந்து பெங் அம்மாள் திரும்பி முறைத்தாள்.

"மேயரையும் சேத்துத்தான் சொல்றேன். தொப்புளுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கு அவருக்கு."

பேருந்து சிரித்தது. குழுவை நடத்தும் மிசுஹோ மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்த ஊர்க்காரி. போன வருஷம் கடல் ஊருக்குள் வந்துபோன நாளிலிருந்து அவளிடம் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன.

வீடு போனது, வீட்டோடு அம்மாவும். தற்காலிகக் குடியிருப்பில் அவள் வைத்திருந்த சின்னப் பூசை மாடத்தில், அம்மாவின் படம் இருக்க வேண்டிய சட்டம் காலியாக நின்றது. உள்ளே வைக்க அம்மாவின் முகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சேற்றில் கிடைத்த குடும்பப் புகைப்படங்களைக் கழுவி, பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கொடி கட்டிக் காயப்போடுவதுதான் தொண்டர்களின் வேலை. உரியவர்கள் வந்து தேடி எடுத்துப்போவார்கள். "முகத்தைப் பார்க்காதீர்கள். ஓரத்தைப் பார்த்துக் கழுவுங்கள்" என்று மிசுஹோ சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். முதல் மாதம் ஆள் வராதபோது நூற்றுக்கணக்கான படங்களை அவள் ஒருத்தியே கழுவி முடித்தது அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான்.

குவோ அந்த விதியை முதல் நாளே காற்றில் பறக்க விட்டுவிட்டார். "கொழந்தையக் குளிப்பாட்டுறப்ப போட்டோ புடிக்காத அப்பன் இந்த ஊர்லயே கெடையாது. எல்லாம் என் கைக்குத்தானே வருது!" என்றார் இப்போது.

"என்னைப் பாத்திருக்க மாட்டீங்க, குவோ ஐயா," என்றாள் மிசுஹோ. "எங்க வீடு நின்ன எடத்துல ஒரு ஆணிகூட மிச்சமில்ல."

"அத்தனை பேர்னா அத்தனை பேர்தாம்மா!"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை, குழு ஒன்றாகப் பழகட்டும் என்று ஏற்பாடு செய்த சுற்றுலா. வாரம் முழுக்கச் சேறு, ஒரு நாள் மலை.

மலைமேல் வெந்நீர் ஊற்று. மரப்பலகையில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் கால்களை உள்ளே விட்டார்கள். விட்ட வேகத்தில் வெளியே எடுத்தார்கள்.

"ஐயோ, என்னை சூப்பு வெக்கிறாங்க!" என்று குவோ துள்ளினார்.

"வெச்சாலும் யாரு குடிப்பா? பழைய எலும்பு!" என்றாள் பெங் அம்மாள்.

மிசுஹோவின் கால்கள் வேறு யாருடையவோ போல நீருக்குள்ளேயே இருந்தன. முழங்கால் வரை சிவந்திருந்ததை அவள் பார்த்தாள். சரி, சிவந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊற்றிலேயே வேகவைத்த முட்டைகளை பெங் அம்மாள் ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். மிசுஹோ ஓட்டை உரித்தாள். சூடு மனசுக்கு எட்டவில்லை, கைக்கு எட்டிவிட்டது. இடது கை தலைக்கு மேலாக வளைந்து போய் வலது காதைப் பிடித்துக்கொண்டது.

"இது என்னடியம்மா கூத்து?" என்றாள் பெங் அம்மாள். "வெரல் சுட்டா ஜில்லுனு இருக்கிற காதைப் புடிக்கிறது சரி, பக்கத்துல இருக்கிற காதைத்தானே புடிப்பாங்க?"

"சின்ன வயசுப் பழக்கம். கை தானாப் போயிடும்."

குவோவின் வாயில் பாதி முட்டை இருந்தது. மெல்லுவதை நிறுத்தினார். திரும்பி வரும் ஒன்றரை மணி நேரமும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டாரோ என்று ஓட்டுநர் இரண்டு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

"கூடத்துல ஒரு நிமிஷம் நிறுத்துப்பா," என்றார் குவோ, ஊருக்குள் நுழைந்ததும்.

நிறுத்தியதும் செருப்பைத் திசைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே ஓடினார். மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். ஏழாவது கொடியில், ஜன்னலோரமாகத் தொங்கிய ஒரு படத்தைக் கவ்வியிலிருந்து விடுவித்து மிசுஹோவிடம் நீட்டினார்.

ஓரங்களில் சாயம் கரைந்து மஞ்சளும் ஊதாவுமாக ஓடியிருந்தது. நடுப்பகுதி தப்பித்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் தொட்டி, நுரைக்குள் மூன்று வயதுக் குழந்தை. அதன் இடது கை தலைக்கு மேலாக வளைந்து வலது காதைப் பிடித்திருந்தது. பக்கத்தில் வெந்நீர்க் கெட்டிலோடு ஒரு பெண் முழு முகமும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பூசை மாடத்துச் சட்டத்துக்குள் அளவாக அடங்கும் என்றுதான் மிசுஹோவுக்கு முதலில் தோன்றியது.

"அடப்பாவமே, இத்தனை நாளா இங்கயேவா தொங்கிச்சு?" என்றாள் பெங் அம்மாள். "எந்த மகராசி இதைக் கழுவுனா?"

மிசுஹோ படத்தைத் திருப்பினாள். பின்னால் எண் சீட்டு ஒட்டியிருந்தது. எண் நாற்பத்து மூன்று. கழுவியவர்: மிசுஹோ. வரி கோணாத, அவளுடைய கையெழுத்து.

குவோ தொண்டையைக் கனைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் குரல் பக்கத்தில் நின்றவருக்கு மட்டுமே கேட்டது.

"இப்பச் சொல்லும்மா. அத்தனை பேரையும் பாத்தேனா, இல்லியா?"

"பாத்தீங்க ஐயா. நான்தான் பாக்கல."