குவாரிப் பக்கம் போம்மா

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையோரத்து ஊரில் இருந்த ஒரே மளிகைக்கடை வெர்னாவுடையது. கையில் புத்தகத்தோடு ஓர் இளம்பெண் உள்ளே வந்தாள்.

"நாவலாசிரியர் டன்மோர் வீடு எங்க இருக்கு? அவர் கையெழுத்துக்காக பாஸ்டன்லேர்ந்து வர்றேன்."

"மரப்பாலம் தாண்டி, கல்குவாரிப் பக்கம் போம்மா" என்றாள் வெர்னா, முகம் மாறாமல்.

அவள் கார் கிளம்பியதும், கடையில் உட்கார்ந்திருந்த தபால்காரர் லாய்ட் டோனட்டை மென்றபடியே சிரித்தார். "குவாரியில முழங்கால் அளவு சேறு. நான் போன வாரம் இப்படி அவரைத் தேடி வந்த ரெண்டு பேரை மாட்டுப்பண்ணைக்கு அனுப்பினேன்."

"பின்ன? எவ்வளவு பரிசு வாங்கின மனுஷன். நிம்மதியா எழுதணும்னுதானே இங்க வந்தாரு. நாமதான் காவல் காக்கணும்."

அப்போது டன்மோரே கடைக்குள் வந்தார். கிழவர் வாடிப்போயிருந்தார்.

"வெர்னா, வீட்டை விக்கப்போறேன். யாராவது கேட்டா சொல்லு."

"ஏன் சார்? எவனாவது வந்து தொந்தரவு பண்றானா?"

"அதுக்குத்தான் ஏங்கறேன். இங்க வந்ததிலேர்ந்து ஒரு வாசகர்கூட என் கதவைத் தட்டலை. என்னை இப்ப யாரும் படிக்கறதில்லை போல. எழுதுறதையே நிறுத்திட்டேன்."

லாய்ட் மீதி டோனட்டைக் கீழே வைத்தார். வெர்னா அலமாரியிலிருந்து ஒரு கயிற்றுச் சுருளை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, லாரிச் சாவியை எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் டன்மோர்.

"உக்காந்து காப்பி குடிங்க சார். உங்க வாசகி ஒருத்தி சேத்துல மாட்டியிருப்பா. இழுத்துட்டு வர்றேன்."